பெயரில்லாத எண்

அமுதினி மூன்றாவது தடவையாக விரலை வைத்தாள். கண்ணாடிப் பலகை சலிக்காமல் அதே சிவப்பு வரியைக் காட்டியது.

"கு. அமுதினி. நுழைய அனுமதி இல்லை."

"விரல்ல ஈரமா இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மெஹருன்னிசா. பீளமேட்டில் இருந்த அந்த நினைவுப் பெட்டகத்தில் லாகின் கோளாறுகளைப் பார்ப்பவள் அவள்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். பாதி தின்ற தேங்காய் பன் ஒன்று கீபோர்டுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது.

"ஈரமெல்லாம் கண்ணோட சரிங்க. விரல் நல்லாத்தான் இருக்குது."

சிரிக்கலாமா கூடாதா என்று ஒரு கணம் யோசித்த மெஹருன்னிசா, சிரிக்காமல் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினேழு நாட்களுக்கு முன்பு, பம்ப் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்த குமணன் எழுந்த இடத்திலேயே சரிந்தான். மூளையில் ரத்த அடைப்பு. உயிரை மீட்டுவிட்டார்கள், ஆளை மீட்க முடியவில்லை. இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிடத் தெரிந்தது. ஊட்டுவது யாரென்று தெரியவில்லை. பதினோரு வருஷம் கூடவே குடித்தனம் செய்தவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டான்.

அதற்கும் இந்தக் காலத்தில் வழி இருந்தது. குமணனின் காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு நினைவுமணி. பார்த்தது, கேட்டது, மனதில் பதிந்தது எல்லாவற்றையும் அது நாள் தவறாமல் பெட்டகத்தின் சர்வரில் சேர்த்துவைத்திருந்தது. அங்கிருந்து திருப்பி அனுப்பினால் மூளை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இருபத்தொரு நாளுக்குள் தொடங்கிவிட வேண்டும், அப்புறம் மூளை வாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் நாலு நாள்.

சர்வரின் கதவைத் திறக்க, மனதுக்குள் வைத்திருக்கும் சாவிச் சொல்லோடு சொந்தக்காரரே வர வேண்டும். இந்தச் சொந்தக்காரர் தன் பெயரையே யோசித்துத்தான் சொன்னார். இல்லாவிட்டால், அவர் முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைத்த ஆள் வர வேண்டும். கட்டிய மனைவியைத் தவிர வேறு யார் இருக்கப் போகிறார்கள் என்றுதான் அமுதினி காலையிலேயே குளித்துக் கிளம்பி வந்திருந்தாள்.

"பாஸ்வேர்டு தப்புன்னா வேற மாதிரி சொல்லுமுங்க," என்றாள் மெஹருன்னிசா. "கணக்கு பூட்டிக்கிச்சுன்னாலும் வேற மாதிரி சொல்லும். உங்க நெட்வொர்க் கணக்கு நல்லா இருக்குது. 'ஆமா, இது அமுதினிதான்'னு, எல்லாரோட அடையாளத்தையும் வெச்சிருக்கிற ஊர் வலை சத்தியம் பண்ணுது. எங்க சர்வரும் அதை நம்புது. நம்பிட்டு, உள்ள விடமாட்டேங்குது."

"நம்பினா விட வேண்டியதுதானே?"

"கல்யாண மண்டபத்து வாசல்ல உங்க அடையாள அட்டையைக் காட்டுனா, நீங்க நீங்கதான்னு ஒத்துக்குவாங்க. அதுக்காக மணமேடையில ஏத்தி உக்கார வெப்பாங்களாக்கா? வீட்டுக்காரர் பேர் சொல்லி இருக்கணும்."

"அப்ப அவர் என் பேரைச் சொல்லலையா?"

மெஹருன்னிசா திரையைத் திருப்பிக் காட்டினாள். குமணனின் கதவுக்கு அனுமதி உள்ளவர்கள் என்ற தலைப்பின் கீழே இரண்டே வரி. முதலில் குமணன். அதன் கீழே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நீளமாக ஓர் எண்.

"இது யாரு?"

"இது ஒரு கணக்கோட உள் எண்ணுங்க. பேர் நமக்குத்தான், சர்வர் மனசுல வெச்சிருக்கிறது எண்ணை. நமக்குக் காட்டறப்ப மட்டும், 'இந்த எண்ணுக்கு என்ன பேரு'ன்னு வலையைக் கேட்டுக் காட்டும். இந்த எண்ணைக் கேட்டா, அப்படி யாருமே இல்லைங்குது வலை. அந்தக் கணக்கை அழிச்சிருக்காங்க."

"என்ன அனுமதி குடுத்திருக்கார்?"

"முழு அனுமதிங்க. ஒரு அறை மிச்சமில்லாம."

"எப்ப?"

மெஹருன்னிசா தேதியைப் படித்தாள். அமுதினிக்குக் கல்யாணம் நடந்த அதே வருஷம், பிப்ரவரி ஒன்பது. கல்யாணம் ஆவணியில். குமணன் திருப்பூருக்குப் பெண் பார்க்க வந்தது ஏப்ரல் கடைசி ஞாயிறு. பிப்ரவரியில் அமுதினி என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"எண்ணுக்கு அதெல்லாம் இல்லீங்கக்கா."

"பொம்பளைதான்," என்றாள் அமுதினி.

மெஹருன்னிசா தயங்கிக் கேட்டாள். "நீங்க எப்பவாவது கணக்கை மாத்துனீங்களா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியலை மாத்துனேன். எல்லாரும் பண்றதுதானே? அப்பா பேர் போய் அவர் பேர் வந்துச்சு."

"பேரை மாத்துறதுல ஒண்ணுமில்லீங்க. பேர் மாறினாலும் எண் மாறாது."

"நீங்களே என்னைச் சேர்த்துவிடக் கூடாதா?"

"மனுஷன் மனசுக்குள்ள போற கதவுங்கக்கா. அவர்தான் சேர்க்கணும். எங்க பெரிய அதிகாரிக்கே அந்த அதிகாரம் கிடையாது." ஒரு பெருமூச்சு விட்டாள். "அழிச்ச கணக்கையெல்லாம் வலை பன்னெண்டு வருஷம் புதைச்சு வெச்சிருக்கும். இந்த எண் யாரோடதுன்னு எழுதிக் கேக்கறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பதில் வந்துரும்."

நாளை மத்தியானம் வரைக்கும் அமுதினி எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவளிடம் பதில் தயாராக இருந்தது. பதினோரு வருஷமாகவே இருந்தது. அந்தப் பதிலின் பெயர் லோச்சனா.

குமணனுக்குப் பக்கத்து மேஜை. சர்வீஸ் பிரிவில் அவனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் காலை ஆறு மணிக்கு, வீட்டுக்காரிக்கும் முன்னால், வாழ்த்து அனுப்புகிறவள். குமணன் சாப்பாட்டு மேஜையில் ஏதாவது சொல்லிச் சிரித்தால், அந்தக் கதையில் எங்காவது "லோச்சனா என்ன சொன்னா தெரியுமா" என்று வராமல் இராது. அமுதினி வெளியே காட்டிக்கொண்டதில்லை. ரசத்தில் மட்டும் அன்றைக்குப் புளி தூக்கலாக இருக்கும்.

இப்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. லோச்சனா கல்யாணமாகி மஸ்கட் போனவள். போகும்போது இங்கிருந்த கணக்கை அழித்துவிட்டுப் போனவள். நாலு வருஷத்தில் அந்தக் கல்யாணம் முறிந்து திரும்பி வந்து, அதே கம்பெனியில் அதே மேஜையில் உட்கார்ந்தவள்.

ஆஸ்பத்திரியில் குமணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அமுதினி சீப்பை எடுத்து அவன் தலையை வாரினாள். வாரிக்கொண்டே கேட்டாள்.

"யாருங்க அவ?"

"எவங்க, சிஸ்டர்?" என்றான் அவன், அத்தனை மரியாதையாக.

அவளுக்குக் கோபம் வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. சண்டை போடுவதற்குக் கூட எதிராளிக்கு நம்மை ஞாபகம் இருக்க வேண்டியிருக்கிறது. இந்த மனிதனிடம் அவள் எதைப் பிடித்து உலுக்குவாள்? வகிடை மட்டும் கொஞ்சம் அழுத்தி எடுத்தாள். "ஸ்" என்றான்.

மறுநாள் காலையில் லோச்சனா வந்தாள், கையில் ஒரு சீப்பு கற்பூரவள்ளிப் பழத்தோடு. "வாங்க, உக்காருங்க," என்று எல்லாரிடமும் சொல்வதையே குமணன் அவளிடமும் சொன்னான். அந்தச் சிரிப்பை அமுதினி தங்கம் நிறுப்பதைப் போல நிறுத்துப் பார்த்தாள். எனக்குச் சிரித்ததை விட ஒரு நூல் அதிகமா? உதட்டோரம் அப்படி வளைந்ததா? பழத்தை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

இன்னும் மூன்று நாள். அவள் வராந்தாவுக்கு லோச்சனாவைக் கூட்டிப் போனாள். ராத்திரி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசவுகள் நாக்கு நுனியில் நின்றன. அவற்றையெல்லாம் விழுங்கிவிட்டு, வேறொன்றைச் சொன்னாள்.

"லோச்சனா, எங்கூடப் பெட்டகத்துக்கு வரணும். அவரோட கதவை உங்களாலதான் திறக்க முடியும். எதுக்கு, எப்படி, எத்தனை நாளான்னு நான் ஒண்ணும் கேக்கலை. சத்தியமாக் கேக்கலை. வந்து திறந்து மட்டும் விட்டுருங்க."

லோச்சனா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்புறம், "வண்டி எங்க நிக்குது?" என்றாள்.

பெட்டகத்தில் லோச்சனா விரலை வைத்தாள். அமுதினி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை விளக்கு எரிந்தால் அவளுடைய பதினோரு வருஷமும் பொய்யாகிவிடும். சிவப்பு எரிந்தால் குமணன் திரும்ப மாட்டான். எந்த நிறத்தை வேண்டிக்கொள்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அனுமதி இல்லீங்க," என்றாள் மெஹருன்னிசா. "மஸ்கட்டுக்கு முந்தின பழைய கணக்கோட எண்ணையும் பார்த்துட்டேன். அதுவும் இது இல்லை."

அமுதினிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் அதற்காக வெட்கமாக இருந்தது.

"ஏமாந்துட்டீங்களா, சந்தோஷமா?" என்று கேட்டாள் லோச்சனா. குரலில் குத்தல் அதிகமில்லை. "நான் ஆசைப்படலைன்னு சொல்ல மாட்டேங்க. அந்தக் காலத்துல ஆசைப்பட்டேன். அவர் கண்ணுக்குத்தான் நான் படவேயில்லை. பக்கத்து மேஜையில இருந்தா அப்படித்தான். மேஜையோட சேர்த்து நம்மளையும் மறந்துருவாங்க."

அந்த நேரம் பார்த்து மெஹருன்னிசாவின் கணினி கணீரென்று ஒலித்தது. வலையிலிருந்து பதில். அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க அப்பா பேர் என்னங்க?"

"வைரவேல்."

"அந்த எண் வை. அமுதினியோடதுங்க."

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். புகைப்படம் கூட வந்திருந்தது. எண்ணெய் வழியும் நெற்றி, சின்னக் கண்ணாடி, புகைப்படக்காரனிடம் ஏதோ சண்டைக்குப் போகிற முகம். இருபத்தைந்து வயது அமுதினி.

"பேரை மாத்தினா எண் மாறாதுன்னுதானே சொன்னீங்க?" என்றாள் இன்றைய அமுதினி, காற்று மாதிரியான குரலில்.

"மாத்தியிருந்தா மாறியிருக்காதுங்க. வலை ஆபீஸ்காரங்க மாத்தலை. கல்யாணமான பொண்ணு வந்து இனிஷியல் மாத்தணும்னு கேட்டதும், சுருக்கு வழின்னு பழைய கணக்கை அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துட்டாங்க. அதே பேர், அதே முகம், அதே விரல். ஆனா எண் வேற. சர்வருக்கு நீங்க வேற ஆளுங்க. அவர் உங்களைச் சேர்க்காம விடலைக்கா. ஏற்கெனவே சேர்த்தாச்சுன்னு நிம்மதியா இருந்துட்டார்."

"ஆனா பிப்ரவரியில அவருக்கு என்னைத் தெரியாதே!"

லோச்சனா படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "நீங்க அப்ப எங்க வேலை பார்த்தீங்க?"

"திருப்பூர்ல. சாயப்பட்டறைத் தண்ணியைச் சுத்தம் பண்ற ஆலையில."

"அங்க எங்க கம்பெனி பம்ப் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஓடினாத்தானே!" என்றாள் அமுதினி, தன்னையறியாமல். "ஒரு மாசம் அழுதோம். பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே சொன்னேன், உங்க கம்பெனி பம்பா, அது ஓடாதுங்களேன்னு. டீயைக் கொட்டிக்கிட்டுச் சிரிச்சார். அப்படி என்ன சிரிப்புன்னு இன்னிக்கு வரைக்கும்…"

லோச்சனா மெல்லத் தலையாட்டினாள். "கம்ப்ளெயின்ட் பொண்ணு. பேர் எங்களுக்குத் தெரியாது, அப்படித்தான் சொல்லுவோம். ஒரு வாரம் தினமும் போன் பண்ணித் திட்டும். கடைசி நாள் நாப்பது நிமிஷம். எடுத்தது குமணன். அந்த வாரத்துலதான் கம்பெனியில எல்லாருக்கும் நினைவுமணி போட்டாங்க. ஃபாரத்துல ஒரு கட்டம், ஆபத்துன்னா உங்க கதவை யார் திறக்கணும்னு. எதையாவது எழுதியே ஆகணும். அவருக்கு அம்மா அப்பா இல்லை, அண்ணனோட அப்பப் பேச்சில்லை. என் பேரைப் போடுங்கன்னு நான் விளையாட்டா கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, மேஜை மேல இருந்த அந்தப் பொண்ணோட புகார்ச் சீட்டைப் பார்த்து ஏதோ எண்ணை அடிச்சார். பைத்தியமா, முகம் கூடத் தெரியாத பொண்ணுன்னேன். 'எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, சரியாகற வரைக்கும் விடாத ஆள் வேணும் லோச்சனா. இந்தப் பொண்ணு விடாது'ன்னார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் திருப்பூர்ல தரகரைத் தேடி அலைஞ்சாரு. யாருக்காகன்னு இப்பத்தானே தெரியுது. இத்தனை வருஷம் நான் அந்தக் கம்ப்ளெயின்ட் பொண்ணு மேல பொறாமைப்பட்டுட்டு இருந்திருக்கேன். உங்க மேல இல்லீங்க."

அமுதினி திரையிலிருந்த முகத்தையே பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் அடிவயிற்றில் எரிந்த அதே நெருப்பு அணையவில்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டிருந்தது. இந்த எண்ணெய் வழிந்த மூஞ்சிக்காரிக்கு, ஒரு வேளை சோறு போடாதவளுக்கு, ஒரு நாள் காய்ச்சலுக்குக் கண் விழிக்காதவளுக்கு, குமணன் எல்லா அறைகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறான். குழந்தை தங்காமல் போன இரண்டு தடவையும் அவன் தோளில் கிடந்து அழுதவள் நான். என்னைக் கதவு யாரென்று கேட்கிறது.

"இந்தப் பழைய கணக்கை எழுப்ப முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியுங்க. ஆனா ஒரு விரலுக்கு ஒரு கணக்குதான் உசுரோட இருக்கலாம். வை. அமுதினி எழுந்தா, கு. அமுதினி போயிருவாங்க. எழுப்பறதும் ஆயுசுக்கு ஒரு தடவைதான். திரும்ப வர முடியாது."

"போனா என்ன?"

மெஹருன்னிசா பன்னை ஒதுக்கி வைத்தாள். "உங்க கல்யாணப் பதிவு அந்த எண் மேலதானுங்க இருக்குது. அதுவும் போயிரும். வலையைப் பொறுத்த வரைக்கும் நீங்க கல்யாணமாகாத பொண்ணு. ஆஸ்பத்திரியில அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது, பக்கத்துல தங்க முடியாது. எல்லாம் வலையில அடுத்த உறவா இருக்கிற அவர் அண்ணன்கிட்டப் போயிரும். மறுபடியும் பதிவு பண்ணணும்னா, அவரும் தெளிஞ்ச மனசோட வந்து சம்மதம்னு சொல்லணும். நினைவு முழுசாத் திரும்பும்னு டாக்டருங்க சத்தியம் பண்றதில்லை. பழசுல இருந்து ஆரம்பிச்சு மெதுவா ஏறும். பாதியில நின்னாலும் நின்னுரும்."

"பாதின்னா, இவ வரைக்கும் வந்து, நான் வர்றதுக்குள்ள நின்னுரலாம்."

"ஆமாங்க."

லோச்சனா அமுதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அமுதினி உதறவில்லை.

"எழுப்புங்க," என்றாள். "அவகிட்டதான் சாவி இருக்குதுன்னா, அவளே வரட்டும்."

அன்று மத்தியானம் வை. அமுதினி விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவு அவளை ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த இயந்திரம் கேட்டது. "வை. அமுதினி. நோயாளிக்கு உறவு, பதிவில் எதுவும் இல்லை. பார்வையாளர் நேரம் நான்கு மணி முதல் ஐந்து வரை."

பதினெட்டு நாளாகப் பாய் விரித்துப் படுத்த இடத்துக்கு, சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்து போனாள். குமணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். காதுக்குப் பின்னால், நினைவுகளை வாங்கிக்கொண்டிருந்த மணி நீலமாக மினுங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான். "சிஸ்டர்" என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவுமில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டான்.

அமுதினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு நாளாகச் சொட்டுகிறது. மருந்துத் தட்டோடு நர்ஸ் உள்ளே வந்ததும், மனதில் இருந்ததெல்லாம் அந்தக் குழாய் மேல் பாய்ந்தது.

"ஏனுங்க, எத்தனை தடவை சொல்றது? இன்னிக்கு ஆள் வரும், நாளைக்கு ஆள் வரும்னு நீங்க சொல்லிட்டே இருங்க, நான் கேட்டுட்டே இருக்கறேன். சரி பண்ணிக் குடுக்கற வரைக்கும் நான் விடப்போறதில்லைங்க, பார்த்துக்குங்க!"

ஜன்னலோரத்தில் நாற்காலி கிரீச்சிட்டது.

குமணன் முழுசாகத் திரும்பியிருந்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, போனைக் காதில் வைத்துக் கேட்பவனைப் போல அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. பதினோரு வருஷத்தில் அமுதினி பார்த்திராத சிரிப்பு. அது யாருக்கான சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். ஒரு கணம் பொறாமை சுருக்கென்று தைத்தது.

"நீங்க… திருப்பூருங்களா?" என்று கேட்டான். "அந்தப் பம்ப் இப்ப ஓடுதுங்களா?"

அமுதினி கட்டிலை விட்டு எழுந்து நின்றாள்.

"இல்லீங்க. இன்னும் சரியாகலை," என்றாள், அந்தப் பழைய அதட்டலோடு. "போன்ல பேசறதெல்லாம் போதும். நீங்களே நேர்ல வந்து பாருங்க."

அவன் அவசரமாகப் படுக்கையில் காகிதம் தேடினான். நர்ஸின் பேனாவைக் கேட்டு வாங்கினான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் தொடை மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"விலாசம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவள் சொன்னாள். கதவு எண், தெருப் பெயர், எந்தப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரில், எந்த நிறக் கேட்டு. தங்கள் இருவரின் வீட்டுக்கு வழியை அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அவன் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான்.